லண்டன் புரட்சியாளர்களைப் பற்றிய பழைய துப்பறியும் நாவல்: பார்த்து வாங்க, பழுது நீக்க, வரலாற்றோடு உரசிப் பார்க்க

பழைய புத்தகக் கடையில் துப்பறியும் நாவலைக் கையில் எடுத்தால் முதலில் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். பயண நூலில் இரண்டு தாள் உதிர்ந்திருந்தால் ஓர் ஊர் போகும், அவ்வளவுதான். கொலைக் கதையில் அதே இரண்டு தாள் போனால் 400 பக்கம் படித்தது வீண்.

வரலாற்றுக் குற்ற நாவலில் இன்னொரு வகைப் பழுதும் உண்டு. தாள் முழுதாக இருக்கும், வரலாறு அரைகுறையாக இருக்கும். 1880 முதல் 1911 வரையிலான லண்டன் இந்த வகை எழுத்தாளர்களுக்குப் பிடித்த களம். ரஷ்யாவிலிருந்து தப்பி வந்தவர்கள், அனார்க்கிஸ்ட்டுகள் எனப்பட்ட அரசின்மைவாதிகள், அயர்லாந்து விடுதலைக்காரர்கள், அவர்களுக்குள் ஊடுருவிய உளவாளிகள் எல்லாரும் ஒரே நகரத்தில் இருந்தார்கள். அங்கே செத்தவர்கள் நிஜ மனிதர்கள். எது நடந்தது, எது எழுத்தாளர் சேர்த்தது என்று பிரித்தறியாமல் படித்தால் அவர்களுக்கும் அநியாயம், கதைக்கும் அநியாயம். அதனால் இந்த வழிகாட்டி இரண்டு பழுதையும் பார்க்கிறது.

கடையில் நின்றபடி

கடைசி 32 பக்கங்களை எடுங்கள். எழுத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பக்க எண்ணை மட்டும் பார்த்தபடி புரட்டுங்கள். கொலையாளியின் பெயர் கண்ணில் படாமல் இருக்க இதுதான் வழி. ஏன் 32? புத்தகம் ஃபாரம் ஃபாரமாக, அதாவது பல பக்கங்களை ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடித்த கட்டுகளாக, அச்சாகிறது. ஒரு ஃபாரம் பெரும்பாலும் 16 அல்லது 32 பக்கம். ஃபாரம் மாறிச் சேர்ந்திருந்தால், 352க்குப் பிறகு மறுபடி 321 வரும், 353 முதல் 384 வரை இருக்காது. இந்தப் பிழை கடைசியில்தான் வரும் என்றில்லை. ஆகவே நடுவிலும் நாலைந்து இடத்தில் எண்களைத் தொடர்ந்து பாருங்கள். நடைபாதையில் விற்கும் திருட்டுப் பதிப்புகளில் இது சாதாரணம். அட்டைப் படம் மங்கலாகவும், எழுத்து ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் வெளுத்தும், தாள் மறுபக்க எழுத்து தெரியுமளவு மெலிந்தும் இருந்தால் அது நகல் அச்சு. கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்து முதுகு. புத்தகத்தை நடுவில் மெதுவாகத் திறந்து, தாள்கள் முதுகோடு சேரும் இடத்தைப் பாருங்கள். நூல் தெரிந்தால் தையல் பைண்டிங், பல ஆண்டு தாங்கும். வெறும் பசை என்றால் அது எப்படி உடைகிறது என்று கவனியுங்கள். 1970, 80களின் மலிவு பேப்பர்பேக்குகளில் சூட்டில் உருக்கி ஊற்றிய பசை காலப்போக்கில் கண்ணாடிபோல இறுகிவிடும். திறக்கும்போது 'படக்' என்று ஒலி வந்தால், நாவலைப் படித்து முடிப்பதற்குள் அது மூன்று துண்டாகும். கதை அரிதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பிறகு மூக்கும் விரலும். புழுக்க வாடை அடித்தால் ஓரங்களைப் பாருங்கள். பழுப்புப் புள்ளிகள் மட்டும் என்றால் படிக்க ஆபத்தில்லை. பஞ்சுபோல வெள்ளையாகவோ பச்சையாகவோ எழும்பியிருந்தால் உயிருள்ள பூஞ்சை. அந்தப் புத்தகம் வீட்டு அலமாரி முழுவதையும் கெடுக்கும். ஊசித் துளையும் அதிலிருந்து மாவுபோல் உதிரும் தூளும் இருந்தால் புழு உள்ளேயே இருக்கலாம். அட்டை ஓரம் சுரண்டியதுபோல் இருந்தால் இராமபாணப் பூச்சி. அது தாளைவிடப் பசையைத்தான் அதிகம் விரும்பும்.

இந்த வகை நாவலுக்கே உரிய ஒரு சோதனையும் உண்டு. முந்தைய வாசகர் பேனாவால் அடிக்கோடிட்டிருக்கிறாரா? 'இவன்தான்' என்று 60ஆம் பக்கத்திலேயே எழுதிவைத்த புண்ணியவான்கள் உண்டு. பென்சில் என்றால் அழித்துவிடலாம். பேனாவை அழிக்க முயலவே கூடாது, தாள்தான் கிழியும்.

எந்தப் பதிப்பு?

தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பதிப்புரிமைப் பக்கம். '10 9 8 7 6 5 4 3 2 1' என்று எண்வரிசை இருந்தால், அதில் உள்ள மிகச் சிறிய எண்தான் அது எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். 1, 2, 3 இல்லாமல் வரிசை 4இல் முடிந்தால் நான்காம் அச்சு. புத்தக அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். 13 இலக்கமாக 2007 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 10 இலக்கம் மட்டும் இருந்தால் அதற்கு முந்தைய அச்சு என்று பொதுவாகக் கொள்ளலாம்.

இங்கே மூன்று ஏமாற்றம் காத்திருக்கிறது. ஒன்று, சுருக்கப் பதிப்பு. 'சுருக்கப்பட்டது', 'மறுகூறல்' என்று பொடி எழுத்தில் இருக்கும். சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அரசியல் விவாதங்கள்தாம், இந்த நாவலில் அதுதான் உயிர். இரண்டு, ஒரே நாவல் பிரிட்டனில் ஒரு பெயரிலும் அமெரிக்காவில் வேறு பெயரிலும் வந்திருக்கும். 'முதலில் வேறு தலைப்பில் வெளியானது' என்ற வரியைத் தேடிப் பார்க்காமல் வாங்கினால் அதே கதை இரண்டு பிரதி சேரும். மூன்று, தொடர் வரிசை. அதே துப்பறிவாளர் வரும் ஐந்தாவது நாவலை முதலில் படித்தால், முதல் நாவலின் குற்றவாளி யார் என்பது போகிற போக்கில் தெரிந்துவிடும்.

முதற்பதிப்போ கையெழுத்திட்ட பிரதியோ கிடைத்தால், கீழே சொல்லும் பழுதுபார்ப்பு எதையும் செய்யாதீர்கள். தூசி தட்டி, உறை போட்டு வைத்தால் போதும்.

அலமாரிக்குப் போகும் முன்

புதிதாக வந்த பழைய புத்தகத்தை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு இரண்டு வாரம் தனியே வையுங்கள். பூச்சி இருந்தால் பையின் அடியில் தூளோ எச்சமோ தெரியும். தெரிந்தால் உறைய வைப்பதுதான் மருந்து. காற்றை அழுத்தி வெளியேற்றி, இரட்டைப் பையில் மூடி, ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வீட்டு ஃப்ரீசர் சுமார் மைனஸ் 18 டிகிரி. காப்பகங்கள் இதைவிடக் குளிர்ந்த பெட்டியில் சில நாளில் முடிப்பதை இங்கே நாளைக் கூட்டிச் சரிக்கட்டுகிறோம். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அறைக் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தாளில் நீராகப் படிந்து பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். 24 மணி நேரம் மூடியபடியே விட்டு, பிறகு பிரியுங்கள். ஈரமான புத்தகத்துக்கு இது பூச்சி மருந்து ஆகாது. முதலில் நிழலில் காற்றாட உலர்த்துங்கள்.

வெயிலில் காயவைப்பது நம் பழக்கம். ஆனால் வெயில் அட்டை நிறத்தை வெளுக்கவைக்கும், மலிவுத் தாளை முறுகவைக்கும். நிழலும் காற்றும் போதும். அந்துருண்டையைப் பக்கங்களுக்கு நடுவே வைக்காதீர்கள், அந்த வாடை போகவே போகாது. வேப்பிலையை நேராகத் தாளில் வைத்தால் கறை விழும். துணியில் முடிந்து அலமாரி மூலையில் வையுங்கள்.

காய்ந்த பூஞ்சைத் தடம் இருந்தால் என்-95 முகமூடி போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மென்மையான பிரஷ்ஷால் முதுகிலிருந்து ஓரத்தை நோக்கித் தள்ளுங்கள். அறைக்குள் தட்டினால் வித்துகள் மற்ற புத்தகங்களில் இறங்கும்.

வாடைக்கு ஆப்பசோடா. மூடியுள்ள பெரிய டப்பாவில் ஒரு கிண்ணம் சோடாவை வைத்து, புத்தகத்தை விசிறிபோல் விரித்து நிறுத்தி, 5 முதல் 7 நாள் மூடிவையுங்கள். சோடாவைப் பக்கங்களில் தூவ வேண்டாம், முதுகுக்குள் புகுந்தால் எடுக்க முடியாது.

விலை ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் அரை நிமிடம் இளஞ்சூடு காட்டி, ஓரத்திலிருந்து படுக்கைவாட்டில் உரியுங்கள். ஒட்டிய பிசுக்கை நீலகிரித் தைலம் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். ஆனால் லேமினேஷன் செய்த அட்டைக்கு மட்டுமே இது பொருந்தும். வெறும் தாளில் எண்ணெய்க் கறை நிரந்தரமாகிவிடும்.

உதிர்ந்த தாளைச் சேர்ப்பது

செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகக் கசிந்து பக்கத்துத் தாளையும் பிடித்துக்கொள்ளும். உரித்தால் எழுத்தோடு வரும்.

வெள்ளைப் பி.வி.ஏ. பசை, மெல்லிய பிரஷ், இரண்டு தாள் பட்டர் பேப்பர், கனமான இரண்டு புத்தகம் போதும். உதிர்ந்த தாளின் உள் ஓரத்தில் 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும் பசை விழும்படி, மற்ற பகுதியை வேண்டாத தாளால் மறைத்துத் தடவுங்கள். பக்கத்தை உள்ளே செருகி, மேல் ஓரமும் கீழ் ஓரமும் மற்ற பக்கங்களோடு ஒன்றி நிற்கிறதா என்று பார்த்த பிறகே அழுத்துங்கள். இரு பக்கமும் பட்டர் பேப்பர் வைத்து 12 மணி நேரம் பாரம் ஏற்றுங்கள். பசை அதிகமானால் தாள் அலைஅலையாக நெளியும், அடுத்த பக்கமும் ஒட்டிக்கொள்ளும். பத்துத் தாளுக்கு மேல் உதிர்ந்திருந்தால் ஒவ்வொன்றாக ஒட்டாதீர்கள். முதுகு தடித்துப் புத்தகம் மூடாது. அதை பைண்டரிடம் கொடுத்துத் துளையிட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.

கிழிசலுக்கு மைதாப் பசையும் மெல்லிய டிஷ்யூ தாளும். மைதா 1 பங்கு, தண்ணீர் 5 பங்கு, சிறு தீயில் கிளறிக் கண்ணாடிபோல் ஆனதும் இறக்கி வடிகட்டுங்கள். அன்றைக்கே பயன்படுத்த வேண்டும், மறுநாள் புளித்துவிடும். சுவரொட்டிப் பசையில் போடும் மயில்துத்தம் இதில் கூடாது.

படிக்கத் தொடங்கும் முன் ஒரு தாள்

ஒரு வெள்ளைத் தாளை நான்கு பத்தியாக மடியுங்கள்: தேதி, இடம், பெயர், பொருள். படிக்கப் படிக்க, சரிபார்க்கக் கூடியதாகத் தோன்றுவதைப் பக்க எண்ணோடு பென்சிலில் குறியுங்கள். உடனே தேடப் போகாதீர்கள், தேடினால் கதை முடிவு தெரிந்துவிடும். ஆசிரியரின் பின்னுரையையும் கடைசியில்தான் படிக்க வேண்டும். நிஜச் சம்பவம் எது, கற்பனை எது என்று அங்கே எழுத்தாளரே சொல்லியிருப்பார், கூடவே முடிவையும்.

எங்கே உரசிப் பார்ப்பது

தேதியில் தொடங்குங்கள். ரஷ்யா அப்போது ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் 12 நாள், 20ஆம் நூற்றாண்டில் 13 நாள் பின்தங்கும். ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் மக்கள் விருப்பம் என்ற அமைப்பினரின் குண்டுக்குப் பலியானது அவர்கள் கணக்கில் 1881 மார்ச் 1, லண்டன் கணக்கில் மார்ச் 13. நாவலில் பீட்டர்ஸ்பர்க் கடிதம், தேதியை லண்டன் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால், எழுதிய நாளுக்கு முன்பே லண்டனில் வந்து சேர்ந்தால், பெரும்பாலும் எழுத்தாளர் இதை மறந்திருப்பார்.

அடுத்து, யார் எந்த அணி. மோசமான நாவலும் நல்ல நாவலும் பிரிவது இங்கேதான். 1881 முதல் 1885 வரை லண்டனில் டைனமைட் வைத்தவர்கள் ஃபீனியன்கள் எனப்பட்ட அயர்லாந்து விடுதலைக்காரர்கள். அனார்க்கிஸ்ட்டுகள் அல்ல. ஃபீனியன்களைக் கண்காணிக்கத்தான் 1883இல் ஸ்காட்லாந்து யார்டில் 'ஸ்பெஷல் ஐரிஷ் பிராஞ்ச்' தொடங்கியது; 'ஐரிஷ்' பிறகு உதிர்ந்தது. 1892இல் வால்சால் நகரத்தில் குண்டு தயாரித்ததாக அனார்க்கிஸ்ட்டுகள் பிடிபட்டார்கள். மூவருக்குத் தலா 10 ஆண்டு, ஒருவருக்கு 5 ஆண்டு சிறை. ஓகஸ்த் கூலோன் என்ற உளவாளி தூண்டிவிட்ட வழக்கு அது என்ற குற்றச்சாட்டு அன்றைக்கே எழுந்தது. 1894 பிப்ரவரி 15 அன்று மார்சியல் பூர்தான் என்ற 26 வயது பிரெஞ்சுக்காரர், கிரீனிச் பூங்காவில் வானாய்வுக் கூடத்துக்கு அருகே, கையிலிருந்த குண்டு வெடித்து இறந்தார். வேறு யாரும் சாகவில்லை. நாவலில் அங்கே கூட்டமாகச் சாவு விழுந்தால் அது எழுத்தாளர் சேர்த்தது.

தீவிரவாதி என்றாலே குண்டுக்காரன் என்று காட்டும் கதையை நம்பாதீர்கள். கிழக்கு லண்டனில் அவர்களில் பெரும்பாலோர் தையல்காரர்கள், அச்சுக்கோப்பவர்கள். 1906இல் ஜூபிலி தெருவில் திறந்த தொழிலாளர் மன்றத்தில் வகுப்பும் நூலகமும் நடந்தன. அதன் மையமாக இருந்த ருடால்ஃப் ராக்கர் ஒரு ஜெர்மானியர், யூதர் அல்லர். யூதத் தொழிலாளர்களுக்காக இத்திஷ் மொழி கற்று அந்த மொழியில் பத்திரிகை நடத்தியவர். 1907இல் ரஷ்ய சமூக ஜனநாயகக் கட்சியின் ஐந்தாம் மாநாடு லண்டனில் ஒரு தேவாலயத்தில் நடந்தபோது லெனின், ஸ்டாலின், ட்ராட்ஸ்கி, ரோசா லக்சம்பர்க் எல்லாரும் வந்திருந்தார்கள். அவர்கள் அனார்க்கிஸ்ட்டுகளோடு கொள்கையில் மோதியவர்கள். எல்லாரையும் 'நிஹிலிஸ்ட்' (எதையும் ஏற்காத மறுப்புவாதி) என்று ஒரே பெயரில் அழைக்கும் பாத்திரம் இருக்கலாம், அன்றைய பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. ஆனால் நாவலே அப்படி நினைத்தால் அது பழுது.

பிறகு போலீஸ் எல்லை. லண்டனில் இரண்டு காவல்துறை: மாநகரம் முழுவதற்கும் மெட்ரோபாலிட்டன், நடுவிலுள்ள பழைய 'சிட்டி'க்கு மட்டும் சிட்டி போலீஸ். 1910 டிசம்பர் 16 இரவு ஹவுண்ட்ஸ்டிச்சில் ஒரு நகைக்கடைச் சுவரை லாத்வியக் குழு பின்பக்கமாகத் துளைத்தது. சத்தம் கேட்டுப் போன ஆயுதமற்ற காவலர்கள் சுடப்பட்டார்கள். பென்ட்லி, டக்கர், சோட் மூவரும் இறந்தார்கள். மூவரும் சிட்டி போலீஸ். அந்தக் குழுவைச் சேர்ந்த இருவர் பதுங்கிய வீட்டை 1911 ஜனவரி 3 அன்று முற்றுகையிட்ட சிட்னி தெரு ஸ்டெப்னியில், அதாவது மெட்ரோபாலிட்டன் எல்லையில். டவர் கோட்டையிலிருந்து ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படை வந்தது, உள்துறை அமைச்சர் சர்ச்சில் நேரில் வந்து நின்றார், வீடு எரிந்து உள்ளே இருவர் இறந்தார்கள். இந்தக் குழுவோடு சேர்த்துத் தேடப்பட்ட 'பெயின்டர் பீட்டர்' அங்கே பிடிபட்டதாகவோ இறந்ததாகவோ எழுதினால் அது கற்பனை. இந்த வழக்கில் விடுதலையான யாக்கோப் பீட்டர்ஸ் பிற்பாடு சோவியத் ரகசியக் காவல்துறையான செக்காவில் பெரிய பதவிக்குப் போனார். கதையைவிட விசித்திரமான இந்த நிஜத்தை எந்த நாவல் எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்பது இவ்வகை வாசிப்பின் பெரிய இன்பம்.

1909 ஜனவரி 23 டாட்டன்ஹாம் துரத்தலையும் தனியே பாருங்கள். ரப்பர் தொழிற்சாலைச் சம்பளப் பணத்தைப் பறித்த இருவர், டிராம், பால் வண்டி என்று மாறி மாறி ஏறிச் சுட்டுக்கொண்டே ஓடினார்கள். காவலர் டைலரும் ரால்ஃப் ஜோஸ்லின் என்ற 10 வயதுச் சிறுவனும் செத்தார்கள். இதை வேடிக்கைக் காட்சியாக எழுதி அந்தச் சிறுவனை விட்டுவிடும் நாவலை மன்னிக்க முடியாது.

கடைசியாகப் பொருள்கள். கைரேகைப் பிரிவு ஸ்காட்லாந்து யார்டில் தொடங்கியது 1901இல். பிரிட்டனில் கைரேகை கொண்டு கொலை வழக்கில் முதல் தண்டனை விழுந்தது 1905இல், ஸ்ட்ராட்டன் சகோதரர்கள் வழக்கில். 1894இல் நடக்கும் கதையில் கோப்பையில் பதிந்த கைரேகை ஆளைக் காட்டிக்கொடுத்தால் கதை அங்கேயே உடைகிறது. அகதிகளைத் துறைமுகத்தில் தடுத்துத் திருப்பும் அந்நியர் சட்டம் 1905இல் நிறைவேறி 1906 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அப்படியொரு காட்சி வரக் கூடாது. பணக் கணக்கில் 12 பென்ஸ் 1 ஷில்லிங், 20 ஷில்லிங் 1 பவுண்டு, 21 ஷில்லிங் 1 கினி.

ஆவணம் எங்கே கிடைக்கும்

ஓல்டு பெய்லி நீதிமன்ற நடவடிக்கைகள் 1674 முதல் 1913 வரை இணையத்தில் இலவசம். பெயரைப் போட்டுத் தேடலாம். 1894இல் குண்டு வழக்கில் இத்தாலிய அனார்க்கிஸ்ட்டுகளான 18 வயதுப் போல்த்திக்கு 10 ஆண்டு, ஃபர்னாராவுக்கு 20 ஆண்டு கிடைத்த வழக்கு அங்கே இருக்கிறது. வால்சால் வழக்கைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அது ஸ்டாஃபோர்டில் நடந்தது. தெருவின் வறுமை நிலை அறிய சார்லஸ் பூத்தின் நிறமிட்ட வரைபடங்களும், வீடு வீடாக அமைப்பைப் பார்க்க ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் பழைய ஆர்டினன்ஸ் சர்வே (பிரிட்டிஷ் அரசு நில அளவை) வரைபடங்களும் உதவும். பெயர்களைப் பல எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். ரஷ்ய, லாத்வியப் பெயர்களை ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார்கள், பலருக்குப் புனைபெயரும் இருந்தது.

கதை 1909 லண்டனில் நடந்தால் ஹைகேட்டிலிருந்த இந்தியா ஹவுஸ் என்ற இந்திய மாணவர் விடுதி அதில் தலைகாட்டலாம். தமிழ் வாசகர் அங்கே மெதுவாகப் படிக்க வேண்டும். 1909 ஜூலை 1 அன்று மதன்லால் திங்ரா பிரிட்டிஷ் அதிகாரி கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். குறுக்கே வந்த டாக்டர் லால்காகாவும் இறந்தார். திங்ரா ஆகஸ்ட் 17 அன்று பென்டன்வில் சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்தியா ஹவுஸ் வட்டத்தில் இருந்த வ.வே.சு. ஐயர் 1910இல் புதுச்சேரி வந்தார். 1911 ஜூன் 17 மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டது சிட்னி தெரு முற்றுகைக்கு ஐந்தரை மாதம் கழித்து. இந்தியர்களையும் அனார்க்கிஸ்ட்டுகள் என்றே அன்றைய அதிகாரிகள் குறித்தார்கள். அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்ட நாவலாசிரியர், தேச விடுதலை கேட்டவரையும் அரசே வேண்டாம் என்றவரையும் ஒன்றாக்கிவிடுவார்.

விற்கும்போது

நான்கு பத்தித் தாளைச் சுத்தமாக எழுதி, பின் அட்டையின் உள்ளே செருகிவிடுங்கள். கிளிப் போட வேண்டாம், துருப்பிடிக்கும். தேதி, இடம், தவறான பொருள், சரியான ஆண்டு என்று மட்டும் இருக்கட்டும். கொலையாளியின் பெயரை எழுத வேண்டாம். கடைசிப் பக்கத்தில் ஏதாவது தவறு கண்டுபிடித்திருந்தால் அதைத் தனித் தாளில் எழுதி, மடித்து, 'படித்து முடித்த பின் திறக்கவும்' என்று மேலே குறித்துவிடுங்கள்.